மூளைச் சர்க்கரையும் பிறப்புப் பெருமையும்

செங்கற்பட்டிலிருந்து விழுப்புரம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையிலே, பாலாற்றைக் கடந்தபின் படாளம் என்றொரு சிறு நிலையம் வரும். மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்துள்ள ஊர் அதுவே. ஓர் அரவைப் பருவத்தில் யாம் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், எம் வண்டி அங்கு நின்றது. இருப்புப்பாதைக்கு அப்பால் கரும்பேற்றிய டிராக்டர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. கரும்புச் சுமையின்மீது ஏழெட்டு அகவையுள்ள சிறுவன் ஒருவன் அமர்ந்து தோகை உரித்துக்கொண்டிருந்தான். எமக்கெதிரே அமர்ந்திருந்த பெரியோர் இருவருள் ஒருவர் அவனைச் சுட்டி, "பள்ளிக்கூடம் போகிற வயசு, எங்கே உட்கார்ந்திருக்கிறான் பாருங்க" என்று இரங்கினார். மற்றவரோ, "போனால் மட்டும் என்னங்க ஆகப்போகிறது? கரும்பு வெட்டுகிறவன் பிள்ளைக்குக் கரும்பு வெட்டத்தான் வரும். படிப்பு ஏறுகிற மூளை பிறப்பிலேயே வரணும்" என்று விடையிறுத்தார். வண்டி புறப்பட்டது. மூத்தோரை மறுத்துரைக்க அஞ்சியோ, தக்க விடை அறியாமையாலோ, யாம் வாளா இருந்துவிட்டோம். அன்று கூறாத விடையை இன்று எழுதப் புகுகின்றோம்.

விடை தேடிப் புகுந்த எமக்கு அஃது அச்சிறுவன் அமர்ந்திருந்த பொருளிலேயே, அஃதாவது சர்க்கரையிலேயே, கிடைத்ததென்றால் அன்பர்கள் வியப்பர். மூளையிலே சர்க்கரை மூலக்கூறுகள் உள. அவை எரிபொருளாக மட்டுமன்றி, மூளையின் கட்டடப் பொருளாகவும் அடையாளக் குறிகளாகவும் அமைந்துள்ளன. அவை உயிரினங்களின் நெடுவரலாற்றில் எங்ஙனம் தோன்றின, ஒவ்வொரு குழவியிடத்தும் எங்ஙனம் வளர்கின்றன என்பவற்றை ஆராயின், மூளை பிறப்பிலேயே முடிந்த பொருளன்று என்பதும், பிறப்பை முன்னிட்டு ஒருவன் மற்றொருவனை இழித்துரைக்க இடமில்லை என்பதும் விளங்கும். இதுவே இக்கட்டுரையின் கருத்து. தமிழ் பயிலும் மாணவர்க்கு மூளை வேதியியலில் என்ன வேலை என்று வினவுவோர், இறுதிவரை பொறுத்தருள்வாராக.

சர்க்கரை என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஆலையிலிருந்து மூட்டைகளில் வெளிவரும் வெண்மணிகளே. அது சுக்ரோஸ் எனப்படும். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் இரு எளிய சர்க்கரைகள் இணைந்தது. இவற்றுள் குளுக்கோஸே மூளைக்கு எரிபொருள். சோறாயினும் கேழ்வரகாயினும் கிழங்காயினும், உண்ட மாப்பொருள் செரித்துக் குளுக்கோஸாகி இரத்தத்தின் வழியே மூளையை அடைகிறது. மனிதனது உடல் எடையில் மூளை ஏறத்தாழ நூற்றுக்கு 2 பங்கே. எனினும் உடல் ஓய்ந்திருக்கையில் செலவாகும் ஆற்றலில் நூற்றுக்கு 20 பங்கை அது கவர்ந்துகொள்கிறது. வளர்ந்தோர் மூளை நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 கிராம் குளுக்கோஸைச் செலவிடுகிறது. இவ்வளவும் பள்ளிப் பாடநூல்களே கூறுவன. ஆயின், அடுப்பில் எரியும் விறகை மட்டும் கண்டு, வீட்டின் உத்தரமும் மரமே என்பதை மறந்தாற் போல, எரியும் சர்க்கரையை மட்டும் கண்டு, மூளையைக் கட்டிய சர்க்கரையை நாம் மறந்துவிடுகின்றோம்.

மூளையைக் கட்டிய சர்க்கரையை முதலிற் கண்டோருள் ஒருவர், ஜெர்மனியிற் பிறந்து இலண்டனில் மருத்துவராய் வாழ்ந்த தூடிக்கம் என்பார். மூளையின் வேதியியலமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1884-இல் வெளிவந்தது. மூளையின் கொழுப்புப் பொருள்களைப் பிரித்தாய்ந்த அவர், அவற்றுட் சிலவற்றில் ஒரு சர்க்கரை பிணைந்திருத்தலைக் கண்டு, அதற்கு மூளைச் சர்க்கரை என்று பொருள்படும் ஒரு பெயரிட்டார். பின்னர் அது பாலிலுள்ள காலக்டோஸே என்று தெளிவாயிற்று. தாய்ப்பாலின் சர்க்கரையாகிய லாக்டோஸ், குளுக்கோஸும் காலக்டோஸும் இணைந்ததே. தாய்ப்பால் 100 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 7 கிராம் லாக்டோஸ் உளது. நரம்பிழைகளைச் சுற்றி உறைபோல் அமைந்து செய்தியை விரைந்து செல்லச்செய்யும் கொழுப்புப் படலத்தில், இக்காலக்டோஸ் ஏந்திய கொழுப்புகள் மிகுதியாக உள.

தூடிக்கம் காட்டிய வழியிலே பிறரும் சென்றனர். சுவீடன் நாட்டு அறிஞர் குன்னார் பிளிக்ஸ் 1936-இல் உமிழ்நீர்ச் சுரப்பியின் வழவழப்பான பொருளிலிருந்து புதியதொரு சர்க்கரையமிலத்தைப் பிரித்தார். உமிழ்நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது சயாலிக் அமிலம் எனப் பெயர்பெற்றது. ஜெர்மனியின் கொலோன் நகரத்துக் கிளெங்க், 1941-ஆம் ஆண்டையொட்டி, அவ்வகைப் பொருளையே மூளைக் கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்தார். அவ்வமிலத்தை ஏந்திய கொழுப்புகளுக்குக் கேங்கிலியோசைடுகள் என்று பெயரிட்டவரும் அவரே. நரம்பணுக்களின் புறப்பரப்பிலே இவை நெருங்கி நிற்கின்றன. ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவைத் தொடும்போது, முதலில் தொடுவது பெரும்பாலும் இச்சர்க்கரைகளையே.

உயிரணுவின் மேலுள்ள சர்க்கரை அத்துணைப் பொருட்டோ எனின், நம் குருதியே சான்று. ஏ வகைக் குருதிக்கும் பி வகைக் குருதிக்கும் உள்ள வேற்றுமை, சிவப்பணுவின் மேலுள்ள சர்க்கரைத் தொடரின் நுனியிலே நிற்கும் ஒரே ஒரு சர்க்கரையைப் பற்றியது. அவ்வொன்று மாறினமையாற் பொருந்தாக் குருதி ஏற்றப்பட்டு உயிர் நீத்தோர் உளர். எம் துறைக்கேற்ற உவமையாற் கூறின், புரதங்களும் கொழுப்புகளும் எழுத்துகள்; அவற்றின்மேல் ஏறும் சர்க்கரைகள் காலும் கொம்பும் புள்ளியும். ககரம் ஒன்றேயாயினும், புள்ளி பெற்றால் ஓர் ஒலி, கால் பெற்றால் மற்றோர் ஒலி, கொம்பு பெற்றால் வேறோர் ஒலி. அவ்வாறே ஒரே புரதம் வெவ்வேறு சர்க்கரைகளை ஏந்தி வெவ்வேறு பணி புரிகின்றது.

இக்குறிகளின் பெருக்கம் எண்ணத் தொலையாதது. வெவ்வேறான மூன்று அமினோ அமிலங்களை ஒவ்வொன்றையும் ஒருமுறை வைத்து வரிசையாகக் கோத்தால் 6 கோவைகளே கிடைக்கும். வெவ்வேறான மூன்று எளிய சர்க்கரைகளை இணைத்தாலோ, அவை இணையும் இடமும் திசையும் பலவாதலின், கணக்கின்படி 1,056 முதல் 27,648 வரை வடிவங்கள் தோன்றக்கூடும். உயிருடல் இவை அனைத்தையும் ஆக்குவதில்லை. ஆயினும் ஆக்குவனவே மிகப் பல. இன்னொன்றும் கருதத்தக்கது. புரதத்தின் எழுத்து வரிசை மரபணுவில் நேராக எழுதப்பட்டுள்ளது. சர்க்கரைத் தொடரின் வரிசை அங்ஙனம் எழுதப்படவில்லை. மரபணு தருவது சர்க்கரைகளைக் கோக்கும் நொதிகளை மட்டுமே. எந்த நொதி எங்கு எப்போது எவ்வளவு தொழிற்படும், அதற்கு வேண்டிய சரக்கு கிட்டுமா என்பவற்றைப் பொறுத்தே தொடர் அமையும். கொற்றனும் கருவியும் இருந்தும் சுண்ணாம்பின்றிச் சுவர் எழாதது போல்வது இது.

இவ்வாராய்ச்சி மேனாட்டாருக்கே உரியது என்று கருதற்க. படாளத்தருகே நாம் கடக்கும் பாலாறு மேலே வேலூரைத் தழுவி வருவது. அவ்வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டிற் சிறிய அளவில் தொடங்கிய மருத்துவப் பணியே, இன்று கிறித்துவ மருத்துவக் கல்லூரியாய் விளங்குகிறது. அங்கு 1949-இல் மருத்துவர் ஜேக்கப் சாண்டி நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அத்துறைக்கு அதுவே முதல் இடம். 1950-களின் பிற்பகுதியிலே, கல்கத்தாவைச் சார்ந்த வேதியியலறிஞர் பி. கே. பச்சாவத் அங்கு வந்து நரம்பு வேதியியல் ஆய்வகம் ஒன்றை அமைத்தார். மூளையிலுள்ள சர்க்கரையேந்திய கொழுப்புகளே அவ்வாய்வகத்தின் பெரும்பொருள். 1962-இல் பட்நாகர் பரிசும் 1990-இல் பத்மபூஷண் விருதும் பெற்ற அவர் 1996-இல் மறைந்தார்.

அவ்வாய்வகத்தார் ஆராய்ந்த நோய்களுள் ஒன்று மெட்டாக்ரோமாட்டிக் லியூகோடிஸ்ட்ரோஃபி என்னும் நெடும்பெயருடையது. பெயர் நெடிது, துயரம் அதனினும் கொடிது. நன்கு பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் பேசவும் கற்ற குழந்தை, இரண்டாம் அகவையளவில் நடை தளர்ந்து, சொல் மறந்து, சிறிது சிறிதாக அனைத்தையும் இழக்கிறது. காலக்டோஸும் கந்தகமும் ஏந்திய சல்ஃபடைடு என்னும் நரம்புறைக் கொழுப்பு, சிதைந்து நீங்க வேண்டிய அளவு நீங்காமல் தேங்குவதே காரணம். அதனைச் சிதைக்கும் அரைல்சல்ஃபடேஸ் ஏ என்னும் நொதி அந்நோயாளரிடத்துக் குன்றியிருத்தலை, 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஆஸ்டினும் அவரோடு சேர்ந்து உழைத்த வேலூர்க் குழுவினரும் காட்டினர். நம் பாலாற்றங்கரை மருத்துவமனையொன்று உலகறிந்த உண்மைக்குத் துணை நின்றது என்பதை நம் மாணவர் எத்தனை பேர் அறிவர்?

அந்நோயினின்று யாம் கற்பது ஒன்று. சர்க்கரைப் பொருள் மூளையில் ஆக்கப்படுதல் மட்டும் போதாது. உரிய காலத்தில் அழிக்கப்படுதலும் வேண்டும். மூளை கட்டி முடித்துப் பூட்டப்பட்ட மாளிகையன்று. நாடோறும் பூசியும் இடித்தும் புதுக்கியும் வரப்படும் வீடே அது. பிறப்பிலேயே மூளை முடிந்துவிட்டதென்னும் கூற்று இங்கேயே தளரக் காண்கின்றோம்.

இனி, இச்சர்க்கரைகளின் பழவரலாற்றை நோக்குவோம். சயாலிக் அமிலத்தை ஆக்கும் ஆற்றல் விலங்கினத்திற் பழைமையானது. பழ ஈயிடத்தும் அது மிகச் சிறிய அளவில், பெரிதும் நரம்பு மண்டலத்திலேயே காணப்படுகிறது. அதனைப் பொருத்தும் நொதியை நீக்கினால் ஈ நடை தடுமாறுகிறது. முதுகெலும்புடைய உயிர்களிடத்தோ அவ்வமிலம் பல்கிப் பெருகி, மூளையின் கேங்கிலியோசைடுகளில் தனியிடம் பெற்றது. இவ்வளர்ச்சிக்கு ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் சென்றிருக்கிறது.

பாலூட்டிகளிடத்துச் சயாலிக் அமிலம் பெரும்பாலும் இரு வகையாய் உளது. ஒன்று அசெட்டைல் வகை. மற்றொன்று கிளைக்கோலைல் வகை. இரண்டிற்கும் வேற்றுமை ஒரே ஒரு ஆக்சிஜன் அணு. முன்னதைப் பின்னதாக மாற்றும் நொதி சிம்பன்சி, கொரில்லா முதலிய நம் நெருங்கிய உறவினங்களிடத்து உளது; மனிதரிடத்து இல்லை. அதற்குரிய மரபணுவில் 92 எழுத்துகள் அடங்கிய ஒரு துண்டு நம்மிடத்து விடுபட்டுப் போயிற்று. இவ்வுண்மையை 1998-இல் வெளியிட்டோருள் முதன்மையானவர் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோப் பிரிவைச் சார்ந்த அஜித் வர்க்கி. அவர் மருத்துவம் கற்றது மேற்கூறிய வேலூர்க் கல்லூரியிலேயே. இவ்விழப்பு இருபது முதல் முப்பது இலட்சம் ஆண்டுகட்கு முன் நேர்ந்ததென மதிப்பிடுகின்றனர். மறைந்துபோன நியாண்டர்தால் மாந்தரின் எலும்புகளிலும் அக்கிளைக்கோலைல் வகை காணப்படவில்லை.

இழந்தமையால் யாது விளைந்தது? சிம்பன்சியைப் பற்றும் மலேரியாக் கிருமியொன்று கிளைக்கோலைல் வகையையே பற்றுக்கோடாகக் கொள்வது. ஆதலின் அவ்விழப்பு அந்நாளைய மலேரியாவினின்று நம் முன்னோரைக் காத்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. பின்னாளில் மற்றொரு கிருமி நம் அசெட்டைல் வகையையே பற்றக் கற்றுக்கொண்டது என்பது வேறு. மூளையைப் பொறுத்தவரை, வியப்பான செய்தியொன்று உண்டு. பிற உறுப்புகளிற் கிளைக்கோலைல் வகை நிறைந்துள்ள விலங்குகளும், தம் மூளையில் அதனை ஏறக்குறைய முற்றிலும் விலக்கி வைத்துள்ளன. மூளை அதனை ஏன் வெறுக்கிறது என்பது இன்றும் ஆராயப்பட்டு வருகிறது. இவ்விழப்பே மனித மூளையைப் பெருக்கிற்று என்று துணிந்து கூறுதற்குச் சான்று போதாது. ஆகவே யாமும் அங்ஙனம் கூறோம்.

யாம் வற்புறுத்த விரும்புவது பிறிதொன்று. இவ்விழப்பு மாந்தர் அனைவர்க்கும் பொது. அரசர் வழியில் வந்தோர்க்கும், வேதம் ஓதுவோர்க்கும், வெள்ளையர்க்கும், கறுப்பர்க்கும், கரும்பு வெட்டுவோர்க்கும் அத்துண்டு ஒன்றுபோல் விடுபட்டே உளது. "எம் குலத்தில் மட்டும் அது நிலைத்தது" என்று மார்தட்டக்கூடிய குடி இவ்வுலகில் இல்லை. ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரே குறைபாட்டைச் சுமந்து திரியும் ஒரே குடும்பத்தார் நாம். உயர்ந்த மூளை ஒரு குலத்தாரின் காணியாட்சி என்பார், இப்பொதுவுரிமையையும் சிறிது எண்ணிப்பார்ப்பாராக.

பரிணாமம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே எம் சபையாருள் முகஞ்சுளிப்போர் சிலர் உளர். அவர்கட்கு யாம் பணிவுடன் விண்ணப்பிப்பது இது. தாயின் கருவறையிலே ஒரு துளி ஒன்பது திங்கள் வளர்ந்து குழவியாவதைக் கண்டு, இது படிப்படியாய் ஆயிற்று, ஆதலின் இறைவன் செயலன்று என்று நாம் கூறுகின்றோமா? ஒன்பது திங்களிற் செய்பவரே ஐம்பது கோடி ஆண்டுகளிலும் செய்தார் என்று கொள்வதில் நம் விசுவாசத்துக்கு என்ன இழுக்கு? ஞாயிறுதோறும் மாந்தர் யாவரும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்று கேட்டுவிட்டு, திங்கட்கிழமை பெண் கொள்ளவும் கொடுக்கவும் சாதி வினவுகின்றோமே, அதுவே இழுக்கு.

இனிக் குழவியின் மூளையை நோக்குவோம். கருவின் தொடக்கத்தில் எளிய கேங்கிலியோசைடுகளே மிகுந்திருக்கும். மூளை வளருந்தோறும், நரம்பணுக்கள் கிளைத்து ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளுந்தோறும், சிக்கலான வடிவங்கள் அவற்றின் இடத்தைப் பெறுகின்றன. அன்றியும், சயாலிக் அமிலம் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பிணைந்த நீண்ட தொடர்கள், ஒட்டும் இயல்புடைய ஒரு புரதத்தின்மேல் அமைகின்றன. அவை நீரை ஈர்த்துக்கொண்டு, உயிரணுக்கள் தம்முள் இறுக ஒட்டாதவாறு விலக்கி நிற்கும். அதனால் இளம் நரம்பணுக்கள் தாம் பிறந்த இடத்தினின்று தம் பணியிடத்திற்கு வழுக்கிச் செல்ல இயல்கிறது. சென்றடைந்தபின் அத்தொடர்கள் குறைகின்றன, அணுக்கள் நிலைகொள்கின்றன. எனினும், நினைவைப் பதிக்கும் இடமாகிய ஹிப்போகாம்பஸ் போன்ற சில பகுதிகளில் அவை வாழ்நாள் முழுதும் ஓரளவு எஞ்சி நிற்கின்றன. கற்றற்குரிய இடத்திலே நெகிழ்ச்சியும் எஞ்சியிருத்தல் பொருத்தமேயன்றோ?

நெகிழ்ச்சிக்கு ஒரு சர்க்கரை உள்ளதுபோல உறுதிக்கும் ஒன்று உளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய அறிஞர் கொல்ஜி, சில நரம்பணுக்களைச் சுற்றி மீன்வலை போன்றதோர் உறையைக் கண்டார். அவ்வலையின் பெரும்பகுதி காண்ட்ராய்டின் சல்ஃபேட் என்னும் சர்க்கரைத் தொடரேந்திய புரதங்களாலாயது. இளமையில் மூளை எளிதில் மாறத்தக்க பருவம் முடியுங்கால் இவ்வலை முதிர்கிறது. 2002-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வளர்ந்த எலிகளின் பார்வைப் பகுதியில் அச்சர்க்கரையைச் சிதைக்கும் நொதியைச் செலுத்தினர்; இளமையோடு நீங்கிய மாறுந்திறன் அவ்வெலிகளிடத்து மீண்டது. யாம் பெரிதும் மதிக்கும் செய்தி மற்றொன்று. பிறந்தது முதல் இருளிலே வளர்க்கப்பட்ட விலங்குகளில், பார்வைப் பகுதியின் வலை உரிய காலத்தில் முதிர்வதில்லை. ஒளியைக் கண்டாலன்றி அவ்வலை நன்கு பின்னப்படுவதில்லை. மரபணு ஒன்றேயாயினும், புறத்திலிருந்து வரும் அனுபவம் மூளையின் சர்க்கரையையே மாற்றுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

குழந்தை பிறக்கும்போது அதன் மூளை, வளர்ந்தோர் மூளையின் எடையில் நான்கிலொரு பங்குக்குச் சற்று மேற்பட்டதே. ஐந்தாறு அகவைக்குள் அது பத்தில் ஒன்பது பங்காகிறது. அப்பருவத்தில், உடல் ஓய்ந்திருக்கையிற் செலவாகும் ஆற்றலிற் பாதிக்கு மேல் மூளையே கொள்கிறது. கட்டுமானம் நடப்பது அப்போதுதான். சரக்கு வேண்டுவதும் அப்போதுதான். அந்நாளில் ஒரு குழந்தை பசித்திருப்பதும், அடிக்கடி நோயுறுவதும், பேசவும் பாடவும் கதை கூறவும் ஆளின்றி வரப்பின்மேல் விடப்படுவதும், பின்னர் அதே குழந்தையைச் சுட்டி "பிறப்பிலேயே மூளையில்லை" என்று நாம் தீர்ப்புரைப்பதும், வேலியைத் திறந்துவிட்டுப் பயிரைப் பழிப்பதை ஒக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். மூளையிற் சர்க்கரை உண்டென்றமையால், தேர்வுக் காலத்தில் விடுதி மாணவர் இனிப்பை அள்ளி உண்ணலாம் என்பது எம் கருத்தன்று. மூளைக்கு வேண்டிய பலவகைச் சர்க்கரைகளையும் உடல் தானே குளுக்கோஸிலிருந்து ஆக்கிக்கொள்ள வல்லது. வெண்சர்க்கரையை மிகுத்து உண்பதனாற் பெருகுவது அறிவன்று. பல்லின் சொத்தையும் உடற்பருமனும் அதன்வழி வரும் நோய்களுமே. குழந்தைக்கு வேண்டுவது தாய்ப்பாலும், வயிறார உணவும், தூய நீரும், நோய்த் தடுப்பும், தன்னோடு பேசும் மனிதருமே.

எம்மை மறுத்து இருவகையார் கூறக்கூடும். மரபணுவுக்கு ஆற்றலே இல்லையோ என்பார் ஒரு சாரார். உண்டு, வேலூரில் ஆராய்ந்த நோயே அதற்குச் சான்று. ஆயின் அத்தகைய பிழை குலமும் செல்வமும் பார்த்து வருவதன்று. அரண்மனையிலும் பிறக்கும், குடிசையிலும் பிறக்கும். ஒரே வீட்டிற் பிறந்த உடன்பிறந்தாருள்ளும் திறன் வேறுபடும் என்பதை யார் மறுப்பார்? மறுப்பதெல்லாம், தொழிலைக் கண்டு மூளையை அளக்கும் வழக்கத்தையே. எலியின் மூளையைக் கொண்டு மனிதர்க்குச் சட்டம் வகுக்கலாமோ என்பார் மற்றொரு சாரார். இஃது ஏற்கத்தக்க வினாவே. அறிவியல் நமக்குச் சமத்துவத்தைக் கட்டளையிடுவதில்லை. அதனை நாமே மனத்தால் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் "பிறப்பே சான்று" என்று கூறுவோர் கையிலிருந்து அச்சான்றை அது வாங்கிவிடுகிறது. யாம் வேண்டுவதும் அவ்வளவே.

நம் நாட்டார் இவ்வுண்மையை வேதியியல் வழியாக அன்றி, இரக்கத்தின் வழியாக முன்னரே உணர்ந்திருந்தனர். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றிற் பிள்ளைகட்கு நண்பகல் உணவளித்தது. 1956-இல் காமராசர் அதனை மாகாணமெங்கும் பரப்பத் தொடங்கினார். 1982-இல் ம. கோ. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தை நிறுவினார். 2022-இல் காலையுணவுத் திட்டமும் தொடங்கிற்று. இவற்றைப் பிச்சையென்று இகழ்வாரும் உளர். அங்ஙனம் இகழ்வோர்க்கு யாம் கூறுவது: அச்சோறு வயிற்றில் நின்றுவிடுவதில்லை, நொதிகள் அதனைச் சிறிது சிறிதாகப் பிரித்து, மாற்றி, கோத்து, ஒரு சிறுவன் எழுத்துக் கூட்டி வாசிக்கும் மூளையின் சுவரிலே பதிக்கின்றன. அதனினும் மேலான முதலீடு யாது?

ஆயினும் அச்சோறு பள்ளிக்கு வந்தோர்க்கே கிட்டும். அரவைப் பருவத்திற் பெற்றோரோடு கரும்புத் தோட்டந்தோறும் பெயர்ந்து செல்லும் பிள்ளைகள் உணவையும் பாடத்தையும் ஒருங்கே இழக்கின்றனர். ஆகவே எம் கல்லூரி அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். நம் நாட்டு நலப்பணித் திட்டத்தார் ஆண்டுதோறும் ஏதேனுமோர் ஊரிற் ஏழு நாள் முகாமிட்டுச் சாலை பெருக்கி மீள்கின்றனர். அதனோடு, அரவைப் பருவம் முழுதும் சனிக்கிழமைதோறும் பத்துப் பேர், முறைவைத்து, படாளம் போன்ற ஊரொன்றின் கரும்புத் தொழிலாளர் குடியிருப்புக்குச் சென்று பிள்ளைகட்கு எழுத்தறிவித்து, கதை கூறி, அவர் பெயர்களைப் பள்ளிப் பதிவில் நிலைக்கச் செய்து வருவார்களாக. பழைய மாணவர் வண்டிச் செலவை ஏற்பார்களாக. தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய யாம் முதற் சனிக்கிழமைக்கு எம் பெயர்களைத் தருகின்றோம்.

அச்சிறுவனின் பெயரை யாம் அறியோம். அவன் உரித்தெறிந்த தோகை காற்றிற் பறந்ததும், வண்டி நகர்ந்தபோது அவன் எம்மை நோக்கிக் கையசைத்ததும் நினைவில் உள. எதிரே அமர்ந்திருந்த பெரியவரை மீண்டும் காண நேரின், "ஐயா, தாங்கள் அன்று கூறியது பிழை; அவனுக்கு மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது" என்று இம்முறை அஞ்சாது கூறுவோம். ஆனால் அவரிடம் கூறுவதினும், அவனிடம் ஒரு சிலேட்டைக் கொண்டு செல்வதே முந்திச் செய்யத்தக்கது.